18 மாதத்தில் பி.எட். முடியுமா?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவர். 2006இல் பிளஸ் டூ முடித்தார். மேலே படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. 2011இல் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்கா வந்தார். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். இரண்டு பிள்ளைகள். ஐந்து வருடமாக ஒரு க்ரெச்சில் உதவியாளராக இருக்கிறார். குழந்தைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பது முதல் மூக்குத் துடைப்பது வரை எல்லாம் இவர்தான், ஆனால் டீச்சர் என்ற பெயரும் இல்லை, அந்தச் சம்பளமும் இல்லை. இந்த நிலையில் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம்: 18 மாதத்தில் பி.எட்., முழுக்க ஆன்லைன், டீச்சிங் பிராக்டிஸ் தேவையில்லை, வேலை அனுபவத்துக்கு கிரெடிட் உண்டு, சர்வதேச அங்கீகாரம். மொத்தம் 50,000 ரேண்ட். வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்தால்தான் அந்த விலை என்றதும் 5,000 ரேண்ட் அட்வான்ஸ் கட்டி, மாதம் 2,500 வீதம் 18 மாதத்துக்கு டெபிட் ஆர்டருக்கும் போனிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்புறம்தான் தூக்கம் வரவில்லை.

கணவர், “படிக்கிறதென்றால் இதிலேயே படி, யூனிசா எங்கேயும் இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம்” என்கிறார். யூனிசா என்பது இங்கே தொலைதூரக் கல்வி நடத்துகிற அரசுப் பல்கலைக்கழகம். ஊரில் இருக்கும் அக்கா, “இங்கேயே ஏதாவது ஆன்லைன் டிகிரி போட்டுவிடு, ஃபீஸும் குறைவு” என்கிறார். வாசகி கேட்பது மூன்று: இந்தக் கல்லூரி சரியானதா? இல்லையென்றால் கட்டிய பணம் போனதுதானா? முப்பத்தேழு வயதில் இந்த ஆசையே வேண்டாமா?

தங்கச்சி, உங்கள் மெயில் வந்தபோது நீங்கள் கையெழுத்துப் போட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. அதனால் மற்றதெல்லாம் அப்புறம் என்று, “ரத்து செய்கிறேன் என்று இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள்” என ஒரே வரி பதில் போட்டேன். நீங்களும் அன்றிரவே அனுப்பிவிட்டீர்கள். ஏன் அவ்வளவு அவசரம் என்பதைக் கீழே சொல்கிறேன். முதலில் அந்தப் படிப்பைப் பார்த்துவிடுவோம்.

18 மாதக் கணக்கு

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் படிப்பின் அளவை கிரெடிட்டில் சொல்வார்கள். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு. பாடம் கேட்பது, வாசிப்பது, அசைன்மென்ட் எழுதுவது, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் இதற்குள் அடக்கம். பி.எட். என்பது 480 கிரெடிட், அதாவது 4,800 மணி நேரம். 18 மாதம் என்றால் 78 வாரம். வகுத்தால் வாரத்துக்கு 61 மணிக்கு மேல் வருகிறது. காலையில் க்ரெச், மாலையில் சமையல், ராத்திரி பிள்ளைகளின் ஹோம்வொர்க் என்று ஓடுகிற நீங்கள் அதற்கு மேல் இன்னொரு முழுநேர வேலையும், போதாததற்கு இன்னொரு அரைநேர வேலையும் பார்க்க வேண்டும். அதை முடிக்கிற ஆள் இருக்கலாம், நான் பார்த்ததில்லை. முழுநேரமாகப் படிப்பவர்களுக்கே இது நான்கு வருடப் படிப்பு.

டீச்சிங் பிராக்டிஸ் தேவையில்லை என்று அவர்கள் சொன்னதைச் சலுகை என்று நினைத்தீர்கள். என்னைக் கேட்டால் விளம்பரத்தில் மாட்டிக்கொள்கிற இடமே அதுதான். இங்கே ஆசிரியர் படிப்புகளுக்கு அரசு வகுத்த குறைந்தபட்சத் தகுதி விதிகள் இருக்கின்றன. அதன்படி நான்கு வருட பி.எட். மாணவர் மொத்தம் 20 முதல் 32 வாரம் வரை ஒரு பள்ளியில், மேற்பார்வையில், வகுப்பறைக்குள் நின்றாக வேண்டும். தொலைதூரக் கல்வியில் படித்தாலும் இதில் விலக்கு கிடையாது. ஆன்லைனில் படிக்கலாம், ஆனால் ஐந்து வயதுக் குழந்தைகள் முப்பது பேரைச் சமாளிக்கிற பயிற்சியை ஆன்லைனில் எடுக்க முடியாது. ஐந்து வருடம் க்ரெச்சில் இருந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அனுபவத்துக்கு கிரெடிட் என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. முன்பே கற்றதை மதிப்பிட்டு ஏற்றுக்கொள்ளும் முறை இங்கே நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அதற்குச் சான்றுகளைத் திரட்டிக் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டுக்கு உட்கார வேண்டும். போனில் நான்கு கேள்வி கேட்டுவிட்டு “உங்களுக்குப் பாதி டிகிரி ஆகிவிட்டது மேடம்” என்று எந்த ஒழுங்கான கல்லூரியும் சொல்லாது.

எங்கே ரிஜிஸ்டர் ஆகியிருக்கிறது?

கம்பெனி ரிஜிஸ்ட்ரேஷன் சான்றிதழை அவர்கள் அனுப்பியதால் போலியாக இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அனுப்பி வைத்தீர்கள், பார்த்தேன். வருடம், சாய்கோடு, ஆறு இலக்கம், சாய்கோடு, 07 என்று ஒரு எண். அது ஒரு தனியார் கம்பெனி என்பதற்கான எண், அவ்வளவுதான். சமோசாக் கடை நடத்தவும் அதே எண்தான் தருவார்கள். தனியார் கல்லூரி ஒன்று டிகிரி கொடுக்க வேண்டுமானால் உயர்கல்வித் துறையிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண்ணின் நடுவில் எச்.இ. என்ற இரண்டு எழுத்து இருக்கும். எண்ணைப் பார்த்தவுடனே வித்தியாசம் தெரியும்.

ஆனால் எண்ணை அச்சடிக்க யாராலும் முடியும் என்பதால் அதோடு நிறுத்தக் கூடாது. தனியார் உயர்கல்வி நிறுவனங்களின் பட்டியலை உயர்கல்வித் துறை தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. கொஞ்சம் நீளமான ஆவணம், போனில் பார்த்தால் கண் வலிக்கும். மகனின் லேப்டாப்பில் திறந்து கல்லூரிப் பெயரைத் தேடுங்கள். பெயர் கிடைத்தால் பாதிதான் முடிந்தது. அந்தப் பெயருக்குக் கீழே என்னென்ன படிப்பு நடத்த அனுமதி என்று இருக்கும். அதில் உங்கள் படிப்பு இருக்கிறதா? தொலைதூர முறையில் நடத்த அனுமதி இருக்கிறதா? இரண்டையும் பார்க்க வேண்டும். சான்றிதழ் கோர்ஸுக்கு அனுமதி வாங்கிவிட்டு அதே பெயரில் டிகிரி விற்பது பழைய தந்திரம். ரத்து செய்யப்பட்ட நிறுவனங்களும் அதே ஆவணத்தில் தனியாக இருக்கும், அங்கேயும் ஒரு பார்வை பாருங்கள்.

அதன் பிறகு சாக்கா. தேசியத் தகுதிச் சட்டகத்தைப் பராமரிக்கிற அமைப்பு அது. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்புக்கும் அதில் ஒரு அடையாள எண் உண்டு. விளம்பரக்காரர்கள் உங்களுக்கு ஒரு சாக்கா எண்ணும் கொடுத்திருந்தார்கள். தட்டிப் பார்த்தேன். எண் உண்மைதான், பி.எட்.தான், ஆனால் வேறொரு பல்கலைக்கழகத்தினுடையது. இரவல் வாங்கிய எண்! அந்தப் பக்கத்தில் படிப்பின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், யார் வழங்குகிறார்கள் என்ற வரி வரை இறங்கிப் பாருங்கள்.

சர்வதேச அங்கீகாரம் என்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் பெயர் சொன்ன அங்கீகாரக் கவுன்சிலும் ஒரு வெப்சைட்தான், அதில் தெருப் பெயரோடு ஒரு முகவரி கூடக் கிடையாது. வெளிநாட்டு நிறுவனமாகவே இருந்தாலும் இங்கே ஆள் சேர்த்துப் படிப்பு நடத்த இங்கே பதிவு செய்தாக வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: இந்த நாட்டில் இதுவரை அரசுப் பல்கலைக்கழகங்கள்தான் யுனிவர்சிட்டி என்ற பெயரை வைத்துக்கொள்கின்றன. நல்ல தனியார் கல்லூரிகள்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. இவர்களோ பெயரிலேயே இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டி என்று போட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 1996இல் டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில், இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு, ஒரு ஜவுளிக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கச் சேர்ந்தேன். நான்கு மாத ஃபீஸை மொத்தமாகக் கட்டினேன். ஆறாவது வாரம் திங்கட்கிழமை போனால் ஷட்டர் இறங்கியிருந்தது, கீழே ஜவுளிக் கடைக்காரர் மூன்று மாத வாடகை பாக்கி என்று என்னிடமே புலம்பினார். அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால் நீங்கள் ஏமாந்துவிட்டதாக வெட்கப்பட வேண்டாம், படிக்கிற ஆசை உள்ளவர்களைத்தான் இப்படிப் பிடிப்பார்கள்.

வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

எந்தக் கல்லூரி என்று முதலில் தேடுகிறோம், சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்களுக்கு வேண்டியது வகுப்பறையில் டீச்சர் வேலை. அந்த வேலையைக் கொடுப்பவர் என்ன கேட்பார் என்பதிலிருந்து தொடங்குங்கள். பள்ளியில் கற்பிக்க சேஸ் என்கிற ஆசிரியர் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், இது 2000ஆம் ஆண்டுச் சட்டம். சேஸ் ஏற்காத டிகிரியை ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம், அதை வைத்து வேலைக்குப் போக முடியாது. எனவே எந்தக் கல்லூரியிடம் பேசினாலும் முதல் கேள்வி, “இதை முடித்தால் சேஸ் எந்த நிலையில் பதிவு தரும்?” என்பதாக இருக்கட்டும். சேஸ் அலுவலகத்துக்கும் அதே கேள்வியை எழுதிப் போடுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சேஸ் பதிவுக்குப் போலீஸ் சான்றும் கேட்பார்கள், அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு பி.எட்.தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். 2024 செப்டம்பரில் கையெழுத்தான பேலா என்கிற பள்ளிக் கல்வித் திருத்தச் சட்டம், ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆர் வகுப்பைக் கட்டாயமாக்கிவிட்டது. சின்னக் குழந்தைகளுக்கான டீச்சர்களின் தேவை இனி கூடத்தான் செய்யும். கிரேடு ஆர் கற்பிக்க மூன்று வருட டிப்ளமோ இருக்கிறது: 360 கிரெடிட், தேசியத் தகுதிச் சட்டகத்தில் ஆறாவது நிலை. பி.எட். ஏழாவது நிலை, முதல் மூன்று வகுப்பு வரையும் போகலாம், சம்பளமும் கூடுதல். உங்கள் கை எந்த வயதுக் குழந்தைக்குப் பழகியிருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் டிப்ளமோவில் தொடங்குவேன். மூன்று, நான்கு வருடத்தில் கையில் ஒன்று இருக்கும், அதற்கு மேல் பி.எட்.டுக்கு எத்தனை கிரெடிட் கொண்டுபோகலாம் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

சரி, யூனிசா. உங்கள் கணவர் மேல் மரியாதையோடு சொல்கிறேன், அவர் சொல்வது தவறு. 1873இல் தொடங்கிய பல்கலைக்கழகம், 1946 முதல் அஞ்சல் வழியில் கற்பிக்கிறது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே சட்டப் பட்டத்தை 1989இல் முடித்தது யூனிசாவில்தான். அதன் உண்மையான சங்கடம் வேறு. சேர நினைப்பவர்கள் ஏராளம், இடம் குறைவு. விண்ணப்பக் காலம் வருடத்தில் சில வாரம்தான், தவறவிட்டால் அடுத்த வருடம். பதில் வரத் தாமதமாகும், பொறுமை வேண்டும். பரீட்சை ஆன்லைனில் நடக்கும், நீங்கள்தான் எழுதுகிறீர்களா என்று போன் கேமரா வழியாகக் கண்காணிக்கிற ஆப் இருக்கும். டேட்டா தீர்ந்தாலும் கரண்ட் போனாலும் நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். டர்பனில் அதன் பிராந்திய மையம் இருக்கிறது, ஒரு சனிக்கிழமை நேரிலேயே போய் விசாரிப்பதற்கு முன் திறந்திருக்குமா என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாரிலும் ஒழுங்கானவை உண்டு. ஸ்டாடியோ, டர்பனில் 1995இல் தொடங்கிய மான்கோசா போன்றவை தொலைதூர முறையில் ஆசிரியர் படிப்பு நடத்துகின்றன. இவற்றையும் நான் சொன்னேன் என்பதற்காக நம்பாமல், மேலே சொன்ன பட்டியலில் இன்றைய நிலையைப் பாருங்கள். ஃபீஸ் யூனிசாவைவிட அதிகம், ஆனால் போன் எடுக்க ஆள் இருக்கும். விளம்பரக்காரர்கள் என்ஸ்ஃபாஸ் என்கிற அரசு உதவித்தொகை வாங்கித் தருவோம் என்றும் சொன்னார்களாமே. அது அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் மட்டும்தான். தனியார் கல்லூரியில் அதை வாங்கித் தருவதாகச் சொன்னதே ஒரு பொய்.

அக்கா சொல்கிற ஊர் டிகிரி? இந்தியாவில் யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதித்த பல்கலைக்கழகமாக இருந்தால் அது நல்ல டிகிரிதான். பொது அறிவுக்கோ வேறு அலுவலக வேலைக்கோ என்றால் யோசிக்கலாம். ஆனால் அதையும் இங்கே சாக்காவிடம் கொடுத்து மதிப்பீடு வாங்க வேண்டும், டீச்சர் வேலைக்கு அதற்குப் பிறகு சேஸ் ஒத்துக்கொள்ள வேண்டும். பி.ஏ. மட்டும் முடித்து வந்தால் மேலே ஒரு ஆசிரியர் பயிற்சிப் படிப்பு இங்கேயே படித்தாக வேண்டும். நேராகப் போகிற பஸ் இருக்கும்போது இரண்டு பஸ் மாறிப் போவானேன்?

கட்டிய ஐந்தாயிரம்

இப்போது அந்த அவசரத்துக்கு வருகிறேன். மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் என்பதால், மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆவது பிரிவு உங்களுக்கு ஏழு நாள் தருகிறது. காரணம் சொல்லாமல், அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். உங்கள் சம்மதத்தோடு அந்த ஏழு நாளுக்குள் வகுப்பு தொடங்கியிருந்தால் சிக்கல், உங்களுக்கு இன்னும் லாகின்கூட வரவில்லை. ரத்து செய்த 30 நாளுக்குள் பணத்தை அவர்கள் திருப்ப வேண்டும். அதோடு, விற்பவர் தன் முழுப் பெயர், இருக்கிற இடம் போன்றவற்றை வெப்சைட்டில் காட்ட வேண்டும் என்கிறது 43ஆவது பிரிவு. இவர்கள் காட்டவில்லை. அதையும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி சேர்த்து இன்னொரு முறை அனுப்புங்கள்.

டெபிட் ஆர்டரை பேங்க்கில் நிறுத்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியில்லை. பேங்க் நிறுத்துவது பணம் போவதை மட்டும்தான், ஒப்பந்தத்தை அல்ல. ரத்துக் கடிதம் போகாமல் பேங்க்கில் மட்டும் நிறுத்தியிருந்தால் மூன்று மாதம் கழித்து வசூல் கம்பெனியிலிருந்து போன் வந்திருக்கும். நீங்கள் இரண்டையும் செய்ய வேண்டும், கடிதம் போய்விட்டதால் இப்போது பேங்க்குக்குப் போகலாம். ஏழு நாளைத் தவறவிட்ட வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவில், குறிப்பிட்ட காலத்துக்குச் செய்த ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். அதில் நியாயமான ஒரு ரத்துக் கட்டணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

30 நாளில் பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும் உயர்கல்வித் துறைக்கும் புகார் எழுதுங்கள். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டும் இருக்கிறது. 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்கவே கூடாது, நீங்களே பேச வேண்டும். சாட்ஸ்வொர்த் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேட்டால் எங்கே போவதென்று சொல்வார்கள். நான் கல்வி ஆலோசகர், வக்கீல் இல்லை. பணம் பெரிதாகிற நிலை வந்தால் குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையத்தைப் பாருங்கள். அந்த வெப்சைட்டையும் வாட்ஸ்அப் பேச்சையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், பிறகு காணாமல் போகும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். டிப்ளமோவின் 360 கிரெடிட் என்றால் 3,600 மணி நேரம். வேலையோடு படிப்பதால் நான்கு வருடமாகப் பிரித்தால் வாரத்துக்குச் சுமார் 17 மணி நேரம். ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை ஐந்து நாள், சனி காலையும் மதியமும். இது நடக்கக்கூடிய கணக்கு, ஆனால் சும்மா நடக்காது. அந்த இரண்டு மணி நேரம் சமையலறையும் பாத்திரமும் யார் பொறுப்பு என்று கணவரோடு இப்போதே பேசிக்கொள்ளுங்கள். டீச்சிங் பிராக்டிஸுக்குச் சில வாரம் விடுப்பு வேண்டும் என்று க்ரெச் மேடத்திடமும் சொல்லிவையுங்கள். ஆங்கிலத்தில் கற்பிக்கப் போகிறவருக்குப் பேசுமளவு ஒரு ஆப்பிரிக்க மொழியும் தெரிய வேண்டும் என்பது விதி. நீங்கள் குழந்தைகளின் பாட்டிகளோடு வாசலில் நின்று இசிஸூலுவில் பேசுவதாக எழுதியிருந்தீர்கள். அந்த வாசல் பேச்சை விட்டுவிடாதீர்கள், பாடமாக வரும்போது உதவும்.

சேர்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு மாதக் கணக்கில் ஆகும் என்பதால் இப்போதே தொடங்கிவிடுங்கள். உங்கள் பிளஸ் டூ சான்றிதழை சாக்கா மதிப்பிட வேண்டும். டிகிரிக்கே போவதென்றால் வெளிநாட்டுப் பள்ளிச் சான்று என்பதால் டிகிரியில் சேரத் தகுதி உண்டு என்று காட்டுகிற மெட்ரிகுலேஷன் போர்டின் விலக்குச் சான்றும் கேட்பார்கள். மார்க் ஷீட்டில் உங்கள் பெயர் அப்பாவின் இனிஷியலோடு இருக்கும், இங்கே ஐ.டி.யில் கணவரின் சர்நேம் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டத் திருமணச் சான்றும் ஒரு அஃபிடவிட்டும் தயாராக இருக்கட்டும். நம் ஊர்ப் பெண்களின் விண்ணப்பம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் நிற்கிறது. அம்மாவுக்குப் போன் போட்டு, ஒரிஜினல் மார்க் ஷீட் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று பார்க்கச் சொல்லுங்கள். லேமினேட் பண்ணி அனுப்பட்டுமா என்று கேட்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.